வழக்கமான இரண்டு வரி

பதிவுத் தபாலில் வருகிற எதுவும் நல்லதுக்கு வராது என்பது குருநாதனுடைய அறுபத்தெட்டு வருச அனுபவம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் காவல் இருக்கும் வண்டி நிறுத்தத்துக்கே தபால்காரர் தேடி வந்து கையெழுத்துக் கேட்டபோது, போட மாட்டேன் என்றார். யார் அனுப்பியது என்று கேட்டார். தென்காசியிலிருந்து என்றார் தபால்காரர். தென்காசியில் எனக்குக் கொண்டான் கொடுத்தான் யாரும் கிடையாது, திருப்பி அனுப்பிவிடும் என்றார் குருநாதன். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி எடுக்க நின்ற நாலு பேர் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்து கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன படிப்பில் அவரிடம் மிச்சமிருந்தது அந்தக் கையெழுத்து மட்டும்தான். கடிதத்தைப் பிரிக்காமல் சட்டைப் பையில் மடித்து வைத்தார்.

அவருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்தால், நேற்றுக் கூட உட்கார்ந்து டீ குடித்தவன் என்றாலும் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டாமல் வண்டியைத் தொட முடியாது. டாக்டர் சிரித்தால் பயப்படுவார். பேங்கில் நாற்காலி போட்டால் எழுந்து நிற்பார். அவர் கொஞ்சமாவது நம்பிய வெளியாள் என்று எண்ணினால் ஒரே ஒருத்தி தேறுவாள். ரூபியா.

ரூபியா மனநலம் சரியில்லாதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற சமூகப் பணியாளர். ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினேழு வருசமாக வேலை. பிறந்தது கடையநல்லூர், கட்டிக்கொடுத்தது இங்கே. நாற்பதைத் தாண்டியவள். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து, வேலையை வேலையிலேயே கற்றுக்கொண்டவள். குருநாதனுடைய மகன் சுடலைராஜை ஆஸ்பத்திரியில் சேர்த்து மனுசனாக்கிக் கொண்டுவந்தது அவள்தான். மூன்று வருசமாக ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் வீட்டுக்கு வருவாள். மாத்திரை அட்டையைப் பார்ப்பாள், தூக்கம் எப்படி என்று கேட்பாள், பேச்சித்தாய் கொடுக்கும் கடுங்காப்பியைக் குடித்துவிட்டுப் போவாள்.

இரண்டு மாதமாக வரவில்லை. ஸ்கூட்டரை இவர் நிறுத்தத்தில் விடுவதையும் நிறுத்திவிட்டு ரயில்வே ஸ்டேசன் பக்கம் விட்டாள். ஒருநாள் எதிரே வந்தவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். பெரிய இடம் ஆகிவிட்டாள் போல என்று குருநாதன் அன்றைக்கு மனசுக்குள் வைதார்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனார். சுடலைராஜ் விசைத்தறிக் கூடத்தில் நூல் தார் சுற்றிவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வயது. பத்தாவது வரை படித்தவன். வீட்டில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். குருநாதன் கவரைக் கிழித்து அவனிடம் நீட்டினார். கரண்டு பில் விசயமாக இருக்கும் என்று நினைத்தார்.

சுடலைராஜ் பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நின்றுகொண்டு சத்தமாக வாசித்தான். சமூகப் பணியாளர் மாவட்டப் பதிவுக் குழு என்று ஆரம்பித்தது. மனுதாரர் குருநாதன் மூன்று வருசத்துக்கு முன் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறது என்றது. அப்புறம் அவன் குரல் இறங்கியது.

"மேற்படி ரூபியா என்பவர் தமது வீட்டுக்கு வந்து ஆபாச வார்த்தைகளால் திட்டியும், மிரட்டியும், தமது மகனை அழைத்துச் செல்லக் கையெழுத்து வாங்கியதாக மனுதாரர் கூறியிருப்பதால்..."

அவன் நிறுத்திவிட்டான். கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். வேறு ரூபியாவோ என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"ரூபியாக்காவா?" என்றான்.

பேச்சித்தாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மனு கொடுத்தது யார் என்று கேட்டாள். சுடலைராஜ் அப்பாவைப் பார்த்தான்.

"அந்தப் பிள்ள உம்மள ஆபாசமாப் பேசுச்சா?"

"அது சும்மா எழுதுறது. எல்லா மனுவிலயும் இருக்கும்."

"நான் கேட்டது அதில்ல. பேசுச்சா, பேசலையா?"

குருநாதன் கிழித்த கவரை மடிக்க ஆரம்பித்தார். பேச்சித்தாய் அதோடு அவரிடம் பேச்சை முடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பதினொரு நாள் சோறு வந்தது, குழம்பு வந்தது, வார்த்தை வரவில்லை. சுடலைராஜ் ராத்திரி மாத்திரையை எப்போதும் அப்பா கையில்தான் வாங்குவான். அன்றைக்கு அவர் எடுத்து நீட்டியபோது, அம்மா தரட்டும் என்று சொல்லிவிட்டான்.

நடந்தது இதுதான். சுடலைராஜை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் குருநாதன் பார்க்கப் போயிருந்தார். மொட்டை அடித்து, மருந்து மயக்கத்தில் வாயோரம் எச்சில் ஒழுக அவன் படுத்திருந்தான். அப்பா என்று கூட அடையாளம் தெரியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒருத்தன் விசாரித்தான். விவரத்தைக் கேட்டுவிட்டு, என்ன தாளில் கையெழுத்துப் போட்டீர் என்றான். தெரியாது என்றார். இப்படித்தான் கையெழுத்து வாங்கி வீட்டை எழுதிக்கொள்கிறார்கள், கிட்னியை எடுக்கிறார்கள் என்று அவன் சொன்னான். அந்த ஆள் பனவடலிசத்திரத்தில் இறங்கிப் போய்விட்டான். அவன் சொன்னது இறங்கவில்லை. குருநாதன் வீட்டுக்குக் கூடப் போகாமல் நேரே தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் தாவூதிடம் போனார்.

தாவூதும் அவரும் ஒரே வயசு. முப்பது வருசப் பழக்கம். சாக்கடைத் தகராறு, ரேசன் கார்டு, முதியோர் உதவி என்று குருநாதனுடைய எல்லா மனுவையும் எழுதியது அவர்தான். குருநாதன் சொன்னது ரெண்டே சங்கதி. என்ன தாள் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், என் பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தாவூது அதை எழுதிவிட்டு, இதை மட்டும் அனுப்பினால் எவனும் இரண்டாம் பக்கம் திருப்ப மாட்டான் என்றார். வழக்கமான இரண்டு வரியைச் சேர்த்தார். ஆபாச வார்த்தைகளால் திட்டினார். மிரட்டினார். சாக்கடைத் தகராறில் அடுத்த வீட்டுக்காரன் மேலும் இதே இரண்டு வரிதான். ஆடு மேய்ந்த விவகாரத்திலும் இதே இரண்டு வரிதான். அந்த வாசலில் எழுதப்பட்ட மனுக்களை எல்லாம் நம்பினால், இந்தத் தாலுகாவில் ஆபாசமாகத் திட்டாமல் ஒரு ஆள் கூட இருக்க முடியாது.

எழுதி முடித்து தாவூது வாசித்துக் காட்டினார். அதுதான் குருநாதனைக் குத்தியது. வாசிக்காமல் இருந்திருந்தால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். முழுசாகக் கேட்டார். அந்த இரண்டு வரி வந்த இடத்தில், அப்படியெல்லாம் அவள் பேசவில்லையே என்று தொண்டை வரைக்கும் வந்தது. அந்த வரி இல்லாமல் மனு எடுபடாதே என்று விழுங்கிக்கொண்டார். பெயரை வரைந்தார். கலெக்டர் ஆபீசுக்குத் தபாலில் போட்டார்.

யாரும் வந்து விசாரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் சுடலைராஜ் வீட்டுக்கு வந்துவிட்டான், தன் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டான். வீடு வீடாகவே இருந்தது, கிட்னி கிட்னியாகவே இருந்தது. மனுவைக் குருநாதன் மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்று சொல்வது முழு உண்மை இல்லை. ரூபியா காப்பி டம்ளரைக் கையில் வாங்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். குப்பையில் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

கடிதம் வந்த மறுநாள் காலையில் அவர் தாவூதைத் தேடிப் போனார். அன்றைக்கு எழுதியதைக் கேன்சல் பண்ணி இன்னொரு மனு எழுதும் என்றார். தாவூது கடிதத்தை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தார். விசாரணைக்குத் தேதி போட்டுத் தென்காசிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தது.

"டாக்டருக்கு நம்பர் இருக்கு, வக்கீலுக்கு நம்பர் இருக்குல்லா வே? அதமாதிரி இப்ப இவங்களுக்கும் நம்பர். நம்பர் இல்லாம எவன் வீட்டுப் படியிலயும் ஏறக் கூடாது."

அவர் விவரமாகச் சொன்னார். அதற்கென்று படிப்புப் படித்தவர்களுக்கு நம்பர் நேராக வந்துவிடும். படிப்பு இல்லாமல் பத்து வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு அனுபவத்தை வைத்துத் தருகிறார்கள். ஆனால் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான். அதுவும் பெயரில் ஒரு புகார் கூட நிலுவையில் இருக்கக் கூடாது. அதனால் பழைய மனுக்களை எல்லாம் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். புகார் கொடுத்தவரை, புகாருக்கு ஆளானவர் போய்ப் பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது.

ரூபியா தலையைக் குனிந்துகொண்டு போனது எதற்கு என்று குருநாதனுக்கு அப்போது புரிந்தது. அவளை வைதது வேறு ஞாபகம் வந்தது.

வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதும் என்று தாவூதை நெருக்கினார். அது செல்லாது என்றார் தாவூது. முன்னே எல்லாம் மிரட்டியே வாபஸ் வாங்க வைத்துவிட்டார்கள் என்று, இப்போது ஆளே நேரில் போய் வாயால் சொல்ல வேண்டுமாம்.

"நீரே பொய்ப் புகார்னு சொன்னீர்னா உம்ம மேல கேஸு. உம்ம வீட்டுச் சங்கதி வேற ஒண்ணு கெடக்கு. அதயும் கிளறுவான். அங்கன போயி ஞாபகம் இல்லன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வாரும். வயசாயிட்டு, விட்டுருவான்."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு நம்பர்?"

தாவூது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞாபகம் இல்லை என்றால் புகார் தீராது, நிலுவையிலேயே கிடக்கும், தேதி போய்விடும் என்றார். தனக்கு அந்த ரூபியா யார் என்றே அப்போது தெரியாது, எழுதச் சொன்னதைத்தான் எழுதினேன் என்றும் சொன்னார். எழுதச் சொல்லாததையும்தான் எழுதினீர் என்று குருநாதன் வாய்வரைக்கும் கொண்டுவந்தார். ஆனால் கையெழுத்து தாவூதுடையது இல்லை.

குழு கூப்பிட்ட நாளில் காலை ரயிலில் தென்காசிக்குப் புறப்பட்டார். பேச்சித்தாயும் கூட வந்தாள். ஏன் வருகிறாள் என்று சொல்லவில்லை. எதிர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் மல்லிகைப்பூ விலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். பாம்புக்கோவில் சந்தை தாண்டியதும் மலை பக்கத்தில் வந்தது. குருநாதன் மலையைப் பார்க்கவில்லை. உம்ம வீட்டுச் சங்கதி என்று தாவூது சொன்னதைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சங்கிலி. சுடலைராஜுக்குப் புத்தி பேதலித்த புதிதில் ரோட்டில் ஓடுவான், லாரிக்கு முன்னால் போய்ப் படுப்பான். ஒருநாள் பேச்சித்தாயை அம்மிக் குழவியை எடுத்து அடிக்க வந்தான். குருநாதன் எருமைச் சங்கிலி ஒன்றை வாங்கி வந்து, இடது கணுக்காலில் மாட்டி, பின்கட்டுத் தூணில் பூட்டினார். ஒரு வாரத்துக்கு என்று நினைத்துத்தான் பூட்டினார். பதினாலு மாதம் ஆனது. சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் கிடந்தது. வண்டி நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது மழை வந்தால், பிள்ளை நனைவானே என்று தோன்றும். எழுந்து போக மாட்டார். சேவை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். புண்ணாகிப் போன காலைப் படம் பிடித்தார்கள், போனார்கள், அதோடு சரி. அந்த மாதிரி ஆட்களுக்கு நம்பர் கேட்பது நியாயம்தான். சட்டத்தை அவர் குறை சொல்லவில்லை. ஆனால் அது வந்து பிடித்திருப்பது படம் பிடித்தவனை இல்லை.

மூன்றாவதாக வந்தவள் ரூபியா. கேமரா எடுக்கவில்லை. வெந்நீர் கேட்டாள். தூண் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புண்ணைக் கழுவினாள். இவர் வாசலில் நின்று அவளை வைதார். அவள் சாதி சனத்தைச் சேர்த்து, காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தையில் வைதார். அவள் காதில் வாங்காமல் கழுவி முடித்தாள்.

குழு ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கூடியிருந்தது. மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள், அவர்தான் தலைவி. ஒருபக்கம் டாக்டர், ஒருபக்கம் கல்லூரி ஆசிரியர். சுவரோரம் ரூபியா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கோப்பு. இவரைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்துகொள்ளப் போனவள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பேச்சித்தாயை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

கல்லூரி ஆசிரியர் மனுவை வாசித்தார். அந்த இரண்டு வரியை அவர் சுத்தமான உச்சரிப்பில் வாசித்தபோது குருநாதனுக்கு உடம்பு கூசியது. தாவூது வாயில் வந்தபோது அது சும்மா மனுவில் வருகிற வரியாகத்தான் இருந்தது. இங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் கை கால் முளைத்திருந்தது. எந்தத் தேதி, எந்த நேரம், என்ன வார்த்தை சொன்னார், எப்படி மிரட்டினார் என்று தலைவி கேட்டார்.

"ஞாபகம் இல்லீங்க" என்றார் குருநாதன்.

கொஞ்சமாவது என்று கேட்டார்கள். வயசாகிவிட்டது என்றார். தலைவி ஏதோ எழுதினார். பிறகு ரூபியாவிடம் திரும்பினார். கையெழுத்து வாங்குமுன் இவரிடம் என்ன சொன்னீர்கள், இவர் முதலில் மறுத்தாரா, மறுத்தவர் எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டார்.

"அதச் சொல்லணும்னா அவரோட சம்மதம் வேணும் மேடம்."

"உங்க மேல வந்த புகாருக்குப் பதில் சொல்றதுக்கு விதியில இடம் இருக்கு. சம்மதம் தேவையில்ல."

"தெரியும் மேடம். ஆனா நான் சொன்னா அது அவரப் போய்ப் பாதிக்கும். அதனால நான் சொல்லல."

டாக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சொல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு உங்களுக்கு வாய்ப்பு முடிந்துவிடும், தெரியுமா என்றார். ரூபியா தலையை ஆட்டினாள். பதினேழு வருசம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் மடியிலிருந்த கோப்பின் நூலைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். இவர் பக்கம் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குருநாதன் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பார். கண்ணைக் காட்டிக் கெஞ்சுகிறாள், நடிக்கிறாள் என்று அவருடைய புத்தி சொல்லியிருக்கும். பார்க்காததால் சந்தேகப்படுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"நான் சொல்லுதேன்" என்றார். எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லலாம் என்றார்கள். உட்காரவில்லை.

"நான் எம் புள்ளய எருமச் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தேன். பதினாலு மாசம். கால் புழுத்துப்போச்சு. இந்தப் புள்ள வந்து அதக் கழுவுச்சு. பூட்டத் தொறங்க அண்ணாச்சி, நான் கூட இருக்கேன்னு சொல்லுச்சு. மிரட்டவெல்லாம் இல்ல. கெட்ட வார்த்த பேசுனது நாந்தான். மனுவுல மாத்தி எழுதியிருக்கு."

குருநாதனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. வெளியே பெஞ்சில் பேச்சித்தாய்க்குக் கேட்டிருக்குமா என்று நினைத்தார். கேட்டிருந்தால் இன்றைக்கு ராத்திரி பேசுவாள். அந்தச் சந்தோசம் அரை நிமிசம் இருந்தது.

டாக்டர் ரூபியாவின் கோப்பை வாங்கிப் புரட்டினார். முதலிலிருந்து புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"இதுல சங்கிலியப் பத்தி ஒரு வரி கூட இல்லையே?"

"எழுதல சார்."

"காயம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. காயம் எதனாலன்னு எழுதல. ஒருத்தரக் கட்டி வச்சிருந்தா அத மறைக்காமப் பதிவு செய்யணும், மேல தெரிவிக்கணும். அது தெரியுமா?"

"தெரியும் சார். எழுதியிருந்தா போலீஸ் வந்திருக்கும். வருதுன்னு தெரிஞ்சா இவரு பையன வேற எங்கயாவது கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருப்பாரு. அப்புறம் எனக்கு அந்த வீட்டு வாசல் கிடைக்காது. அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுதான் அன்னைக்கு முக்கியமாப் பட்டுது."

தலைவி எழுத ஆரம்பித்தார். இந்தத் தடவை நிறைய எழுதினார். பேனா ஓடுகிற வேகத்தைப் பார்த்துத்தான் குருநாதனுக்கு விசயம் பிடிபட்டது. அவள் சொல்லாமல் வைத்திருந்தது இவரை மட்டும் காப்பாற்றவில்லை. இவர் வாயைத் திறந்து ஒரு குற்றத்திலிருந்து அவளை எடுத்து இன்னொன்றில் போட்டுவிட்டார்.

"அது அவ்வளவு பெரிய சங்கிலி இல்லீங்க" என்றார்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"சின்னதுதான். நாய்ச் சங்கிலி மாதிரி. பதினாலு மாசம்னு சொன்னது வாய் தவறி வந்துட்டு. ரெண்டு மூணு நாள் இருக்கும்."

"உட்காருங்க பெரியவரே. நீங்க உண்மையச் சொன்னதுக்கு நன்றி" என்றார் தலைவி. உங்கள் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்யப் போவதில்லை, மகன் இப்போது நன்றாக இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார். குருநாதன் பயந்துகொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சில் முடிந்துவிட்டது. தண்டனை ஏதாவது கொடுங்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அப்படிக் கேட்பதற்கு அங்கே மனு எதுவும் இல்லை.

மாடிப் படியில் ரூபியா அவர்களைக் கடந்து இறங்கிப் போனாள். பேச்சித்தாய் அவள் கையை எட்டிப் பிடித்தாள். ரூபியா ஒரு கணம் நின்று, அந்தக் கையை லேசாக அழுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். முடிவு வரும்வரை பேசக் கூடாதாம்.

ராத்திரி பேச்சித்தாய் பேசினாள்.

"மூணு வருசத்துக்கு முந்தி பொய் சொல்லிக் கெடுத்தீரு. இன்னைக்கு நெசத்தச் சொல்லிக் கெடுத்துட்டீரு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்ட பிறகு மோர் ஊற்றினாள்.

முடிவு வந்த விவரத்தை ஒரு மாதம் கழித்து தாவூது விசாரித்துச் சொன்னார். குருநாதனுடைய புகார் தள்ளுபடி. ரூபியாவுக்கு நம்பர் உண்டு. ஆனால் பதிவேட்டில் மறைத்ததற்காக ஒரு வருசம் தனியாக எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. நம்பர் வாங்கிய இன்னொருவருக்குக் கீழே, அவர் கூடவேதான் போக வேண்டும். கேட்பது, எழுதுவது, முடிவு செய்வது எல்லாம் அந்த இன்னொருவர். ஒரு வருசம்தானே வே, போனால் தெரியாது என்றார் தாவூது. இப்போதெல்லாம் நான் அந்த இரண்டு வரியைச் சேர்ப்பதில்லை என்றும் சொன்னார். கூடவே, சேர்க்காததால் ஆட்கள் எதிர் மரத்தடியில் எழுதுகிறவனிடம் போய்விடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அதற்கடுத்த மாதம் முதல் வாரத்தில் இரண்டு பேராக வந்தார்கள். ப்ரியதர்ஷினி என்ற பெண் முன்னால் வந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். வாசுதேவநல்லூர்க்காரி. சமூகப் பணிக்கென்றே மேல்படிப்புப் படித்து, கழுத்தில் நம்பர் போட்ட அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். பின்னால் ரூபியா, கோப்புகளைச் சுமந்துகொண்டு. நல்ல பெண்தான் அந்தப் ப்ரியதர்ஷினி. செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தாள். சுடலைராஜை அண்ணா என்று கூப்பிட்டாள். தாளில் இருந்த கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டாள். தூக்கம் எத்தனை மணி நேரம், பசி உண்டா, காதில் குரல் கேட்கிறதா.

சுடலைராஜ் ஒவ்வொரு கேள்விக்கும் ரூபியாவைப் பார்த்துப் பதில் சொன்னான். ரூபியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லும் பதில் சரியில்லாதபோது அவள் விரல்கள் அசையும். எதைக் கேட்டால் அவன் உண்மையைச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். தறிக்கூடத்தில் எவனாவது வம்புக்கு இழுத்தால் அவன் இரண்டு நாள் மாத்திரையைத் துப்பிவிடுவான். அது தாளில் இல்லாத கேள்வி. அது கேட்கப்படவில்லை. குருநாதனுக்கும் தெரியும், போன வாரம் அப்படி நடந்தது. அவர் சொல்லியிருக்கலாம். இனி எதைச் சொன்னாலும் அது யார் தலையில் போய் விழும் என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டார்.

பேச்சித்தாய் இரண்டு டம்ளரில் கடுங்காப்பி கொண்டுவந்தாள். ப்ரியதர்ஷினி போன் பேச வாசலுக்கு எழுந்து போனாள். அந்த இடைவெளிக்காகத்தான் குருநாதன் ஒரு மாதமாகக் காத்திருந்தார். வண்டி நிறுத்தத்தில் உட்கார்ந்து, யாரும் இல்லாத நேரத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். கிட்டே போனார். தொண்டையைச் செருமினார்.

"எம்மா ரூபியா. அன்னைக்கு அந்த மனுவுல..."

ரூபியா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த மேடம் வரட்டும் அண்ணாச்சி. எதா இருந்தாலும் அவங்ககிட்ட சொல்லுங்க. இப்ப நான் தனியாக் கேக்கக் கூடாது."

ப்ரியதர்ஷினி போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இரண்டு பேரும் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஏதாவது சொல்ல வேண்டுமா தாத்தா என்று கேட்டாள். பேனா மூடியைத் திறந்து, கோப்பில் வெறுமையாக இருந்த இடத்தைத் தேடி எடுத்து, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

குருநாதன் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. ராத்திரி மாத்திரை தீரப்போவுது. அதான்."

அந்தப் பெண் அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.